உள்ளே திறப்பதா, வெளியே திறப்பதா

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கீலும் ஆணியும் விற்கத் தொடங்கி, கிள்ளானில் கதவு ஜன்னல் செய்து பொருத்தும் இந்தக் கம்பெனியில் சைட் சூப்பர்வைசராகி, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். இத்தனை காலம் இருந்தவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். தெளிவா? என் தலைமுடி முழுக்கக் குழப்பத்தில்தான் நரைத்தது.

கதவில் எத்தனை வகை, ஜன்னலில் எத்தனை வகை, எந்த எடைக்கு எத்தனை கீல் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்குக் கேட்டலாக் இருக்கிறது, உங்கள் கையில் போனும் இருக்கிறது. அவற்றில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் தலைவாசல் நிலையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். பிடுங்குவதா, விடுவதா என்று ஒரு கூட்டமே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று இப்போது யாராவது கேட்டாலும் எனக்குச் சட்டென்று வாய் வராது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு நிலையின் ஒரு முகம் மட்டமாக இருக்கும். மறுமுகத்தில், கதவு வந்து உட்காருவதற்காக ஓரம் முழுக்கப் படி மாதிரி வெட்டியிருக்கும். அந்த வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, கதவு அந்தப் பக்கம் திறக்கும். வீட்டுக்குள் பார்த்தால் உள்ளே. தெருவைப் பார்த்தால் வெளியே. உள்ளே திறக்கும் கதவென்றால், சைட்டில் யாரும் குழம்பக்கூடாது என்று வெட்டு இருக்கும் முகத்தில் சாக்பீஸால் ‘டாலாம்’ என்று பெரிதாக எழுதி அனுப்புவோம். மலாயில் ‘உள்ளே’ என்று அர்த்தம். பொருத்துகிறவர்களில் வங்காளதேசத்துக்காரரும் இருப்பார், தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவரும் இருப்பார். எல்லாருக்கும் பொதுவாகப் புரிகிற மொழி அதுதான்.

அந்த வீடு கிள்ளானில் ஒரு பழைய தாமான் குடியிருப்பில் இருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றைத் தளத் தெரஸ் வீடு. வீட்டுக்காரர் சுப்பையா அண்ணன், கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. ஆ, ஊ என்று சத்தம் வரும், அவ்வளவுதான். சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி தனம் அக்கா என்னைவிட மூத்தவர், எங்கே கண்டாலும் தங்கச்சி என்பார். முன்சுவரை இடித்து, வாசலை அகலமாக்கி, போர்ச்சுக்கு இறங்கச் சிமெண்டில் ஒரு சரிவு போட்டுத்தர வேண்டும் என்று வேலை கொடுத்திருந்தார்கள். சரிவு முடிந்திருந்தது. நிலை வைக்க வேண்டும். அதற்கு நல்ல நேரம் குறித்திருந்தார்கள்.

நம் ஆட்கள் வீட்டில் தலைவாசல் நிலை வைப்பது வெறும் தச்சு வேலை இல்லை, உங்களுக்குத் தெரியும். மஞ்சள், குங்குமம், மாவிலை, நிலைக்காலுக்கு அடியில் நவதானியம், ஒரு காசு, ஐயர், தேங்காய், எல்லாம் உண்டு. எங்கள் ஆட்களுக்கும் பழகிப்போய்விட்டது. அந்தக் குழுவின் தலைவன் ரஃபிக், வங்காளதேசத்துக்காரன், ஐயர் கண்ணைக் காட்டினால் எப்போது சுத்தியல் எடுக்க வேண்டும் என்பதுவரை அவனுக்குத் தெரியும்.

அன்று நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கோமுட்டர் ரயிலில் கிளம்பினேன். ரயில் நடுவழியில் நின்று நின்று வந்தது. ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் வியர்த்து விறுவிறுத்து அந்த வீட்டுக்குள் நுழையும்போது நிலை நின்றுகொண்டிருந்தது. ஆப்பு அடித்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சிமெண்ட் மட்டும் பாக்கி. தெருவைப் பார்த்த முகத்தில் மஞ்சள் பளபளவென்று இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று கை வைத்தேன். விரல் வெட்டுக்குள் இறங்கியது. உள்ளே பார்க்க வேண்டிய வெட்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று விசாரிக்க விசாரிக்கத் தலை சுற்றியது, ஏனென்றால் யார்மேலும் கோபப்பட முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நிலை வந்து போர்ச்சில் படுத்திருந்தது. தனம் அக்கா பூஜைக்காக அதைக் கழுவியிருக்கிறார். யாரோ சாக்பீஸால் கிறுக்கி வைத்திருக்கிறார்களே, சாமி காரியத்துக்கு வரும் மரத்தில் இதென்ன என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மேலே தெரிந்த அதே முகத்தில் மஞ்சளைப் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார். காலையில் வந்த ரஃபிக் மஞ்சளைப் பார்த்தான். இந்தியர் வீடுகளில் மஞ்சள் எப்போதும் தெருப்பக்கம்தான் இருக்கும் என்பது அவன் அனுபவம். வெளியே திறக்கிற கதவு கேட்டிருப்பார்கள் என்று நினைத்து அப்படியே வைத்துவிட்டான், பாவம். எங்கள் எழுத்தை அவர் அழித்தார், அவர் எழுத்தை இவன் படித்தான். யாரைத் திட்டுவது?

விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு நாட்டாமை. தனம் அக்காவின் தம்பி உடனே பிடுங்கு என்றார். ஐயர், தானியத்தின்மேல் உட்கார்ந்த நிலையை அசைப்பது நல்லதில்லை, ஆனால் அசைக்கத்தான் வேண்டுமென்றால் ராகு காலம் தொடங்குவதற்குள் அசைத்துவிடுங்கள் என்றார். அது உண்டு என்கிறாரா இல்லை என்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. ரஃபிக் கடப்பாரையை எடுப்பதும் வைப்பதுமாக என் முகத்தையே பார்த்தான். தனம் அக்கா மட்டும் உறுதியாக இருந்தார். கதவு வெளியே திறந்தால் வீட்டில் இருக்கிற லட்சுமி வெளியே போய்விடுவாள், திருப்பித்தான் ஆக வேண்டும் என்றார்.

தொழில்படி பார்த்தாலும் அவர் பேச்சுதான் சரி. வெளியே திறக்கும் கதவு மழையில் நனையும், கீல் தெருப்பக்கம் தெரியும், திருடன் கீலின் ஆணியைத் தட்டிக் கழற்றலாம், வெளியே போடுகிற இரும்பு கிரில் கதவை முட்டும். நான் தலையை ஆட்டினேன். ரஃபிக் ஆப்பில் கடப்பாரையை வைத்தான்.

அப்போதுதான் சுப்பையா அண்ணன் சத்தம் போட்டார். நாற்காலியின் கைப்பிடியில் இடது கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். ஆ, ஆ என்று தொண்டை கிழிந்தது. நிலையைத் திருப்பி வைத்ததற்குக் கோபப்படுகிறார் என்றார் தம்பி. பிடுங்குவது அவருக்குப் பயமாக இருக்கிறது என்றார் ஐயர். பசி வந்துவிட்டது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார் தனம் அக்கா. நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். ஒரு மனிதர் எதையோ சொல்கிறார், சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள், நேரமோ ஓடுகிறது.

சொல்லிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலும். இடது காலால் தரையை உந்தி நாற்காலியை நகர்த்தி நேராக நிலைக்குள்ளேயே வந்து நின்றுகொண்டார். இனி எப்படிப் பிடுங்குவது? பிறகு இடது காலைத் தூக்கி வெளிப்பக்கமாகக் காற்றை உதைத்தார். மறுபடியும் உதைத்தார். என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை உதைத்தார்.

எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிகிற மாதிரி இருந்ததே தவிர, அது சரியா என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் யோசித்துக்கொண்டே நிற்காதீர்கள், பிள்ளைகளே. கையில் கிடைத்ததை வைத்துச் செய்து பாருங்கள். மூலையில் ஒரு பிளைவுட் பலகை கிடந்தது. அண்ணனைச் சற்று உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு, அந்தப் பலகையை நிலையில் கதவு மாதிரிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன் ரஃபிக்கை. முதலில் உள்ளே திறக்கிற கதவு. அண்ணன் இடது கையால் பலகையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பலகை வந்து அவர் கால் வைக்கும் கம்பியில் இடித்து நின்றது. பின்னால் போக வேண்டும். ஒரு கை கதவில், மறு கைக்கு உயிரில்லை, பிறகு எதால் சக்கரத்தைத் திருப்புவது? கதவை விட்டுவிட்டு ஒற்றைக் கையால் ஒரு சக்கரத்தைத் திருப்பினார். நாற்காலி பின்னால் போகாமல் வட்டமடித்து, தேங்காய் பழம் வைத்திருந்த தட்டில் போய் மோதியது. வாழைப்பழமெல்லாம் தரையில். ஐயர் காலை மடக்கிக்கொண்டார்.

அடுத்தது வெளியே திறக்கிற கதவு. ரஃபிக் பலகையை மறுபக்கம் பிடித்தான். அண்ணன் இடது காலால் ஒரு உதை விட்டார். பலகை திறந்தது. அதே காலால் தரையை உந்திக்கொண்டு நிலையைத் தாண்டி, சரிவில் மெல்ல இறங்கி, போர்ச்சின் நடுவில் போய் நின்றார். திரும்பி எங்களைப் பார்த்தார். சிரித்தார், வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். வாசல் எவ்வளவு அகலம், சரிவு எவ்வளவு நீளம், கிரில் என்ன நிறம் என்று அத்தனையும் கேட்டு எழுதியிருந்தோம். இந்த வாசல் யாருக்காகவோ அவரால் அந்தக் கதவைத் திறக்க முடியுமா என்று ஒருத்தர் கேட்கவில்லை. இருக்கட்டும், நிலை இப்படியே இருக்கட்டும், கிரில்லைச் சறுக்குகிற மாதிரி உள்ளே போட்டுக்கொள்ளலாம், கழற்ற முடியாத ஆணி வைத்த கீல் போடுகிறேன், மழைக்கு மேலே ஒரு சிறு தடுப்பு வைக்கிறேன் என்று மளமளவென்று சொல்லிவிட்டேன். தம்பிக்கும் மனசு இளகியிருந்தது. ஐயருக்கு நிலையை அசைக்காமல் விட்டதில் நிம்மதி. சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி நின்றேன்.

தனம் அக்கா மட்டும் அந்தக் கூட்டத்தில் நிற்கவில்லை. காப்பி கொடுக்கிறேன் வா என்று என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனார். காப்பியும் கலக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“லட்சுமியும் இல்ல, ஒன்னும் இல்ல, தங்கச்சி. உள்ள தொறக்குற கதவுன்னா அவரால தனியா வெளிய போக முடியாது. அதுக்குத்தான் கேட்டேன்.”

பிறகு கொட்டித் தீர்த்தார். முன்பு ஒருநாள் வாசலைச் சாத்த மறந்து அக்கா வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம், அண்ணன் அந்தப் பழைய குறுகலான வாசலில் இடித்துக்கொண்டே எப்படியோ வெளியே போய்விட்டார். போர்ச் கேட் சறுக்குகிற கேட், அதை ஒரு கையால் தள்ளிவிட்டார். தாமான் முனையில் பெரிய ரோடு. அங்கே ஒரு லோரி அவருக்கு முன்னால் அரைகுறையாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தது, ஹார்ன் சத்தம் கேட்டுத்தான் அக்காவுக்கு விஷயமே தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணன் ரோட்டின் நடுவில் இருக்கிறார். லோரிக்காரர் இறங்கி நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறார். அன்றையிலிருந்து அக்காவும் வெளியே போவதில்லை. அண்ணன் தூங்கும்போது பாசாருக்கு ஓடிக் காய்கறி வாங்கி, மூச்சிரைக்கத் திரும்பி வருவதோடு சரி. வாசலை மாற்றுகிறோம் என்றதும், அவரைத் தள்ளிக்கொண்டு போக அகலமாகவும், அவராகப் போக முடியாதபடியும் ஒரு கதவு வேண்டும் என்று மனதுக்குள் போட்டு வைத்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. புருஷனைப் பூட்டி வைக்கக் கதவு கேட்கிறேன் என்று எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்?

“அவரு செத்துட்டா நான் இருந்து என்னா பண்றது?” என்றார்.

கொஞ்சம் முன்பு வரை எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேனே, அந்தப் புரிதல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெளியே ஒரு மனிதர் சரிவில் சிரித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே ஒரு மனுஷி அடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நிலை ஒன்றுதான். யார் பக்கம் அந்த வெட்டைத் திருப்புவேன்?

பின்பக்கம் போய் முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் சீனர், தொழிலில் நான் அண்ணாந்து பார்த்த மனிதர், அவ்வளவு வாசல்களைப் பார்த்தவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, நான் பார்க்காத வாசலுக்கு நான் எப்படி வாய் திறப்பது, பார்த்தது நீ, நீயே சொல் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த நேரத்தில் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பெரிய மனுஷன் கைகழுவிவிட்டாரே என்று திட்டினேன். இப்போது நினைத்தால் அவர் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது என்று தோன்றுகிறது. உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரும்; அன்றைக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லிவிடாதீர்கள்.

திரும்பி வந்தபோது தனம் அக்கா முகம் கழுவியிருந்தார். பூஜை முடிந்த நிலையை இனி பிடுங்கக் கூடாது, நிலை அப்படியே இருக்கட்டும், ஆனால் கதவின் மேல்கோடியில் ஒரு தாழ்ப்பாள் வேண்டும், தன் கைக்கு எட்ட வேண்டும், அவர் கைக்கு எட்டக் கூடாது என்றார். நீங்கள் அதைப் போட்டுவிட்டு, பின்வாசலையும் பூட்டிக்கொண்டு பாசாருக்குப் போயிருக்கும்போது தீ கீ பிடித்தால் அண்ணன் உள்ளே மாட்டிக்கொள்வாரே என்றேன். அப்படியென்றால் பாசாருக்கும் போகவில்லை என்றார். நான் சரி என்றேன். நோட்டில் மேல் தாழ்ப்பாள் என்று எழுதிக்கொண்டேன்.

நிலை வைத்த கையோடு கதவு மாட்டுவதில்லை, தெரியும்தானே. சிமெண்ட் பூச்சு காய வேண்டும், தரைக்கல் பதிக்க வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். கதவு கடைசியில்தான் வரும். அதுவரை வாசல் வெறும் ஓட்டையாக இருக்கும். ராத்திரியில் ஒரு பலகையை வைத்து உள்ளே முட்டுக் கொடுத்துக்கொள்வார்கள், பகலில் வேலையாட்கள் போகவர எடுத்துவிடுவார்கள். சில வாரங்கள் அப்படித்தான் இருந்தது. அந்த வாரங்களில் என்ன நடக்கும் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

தரைக்கல் வேலையைப் பார்க்க ஒருநாள் காலை போனேன். வீடு திறந்து கிடந்தது. நாற்காலியும் இல்லை, அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. தரைக்கல் போடுகிறவர் எனக்குத் தெரியாது என்று கையை விரித்தார். தெருவில் இறங்கி ஓடினேன். பாதித் தெருவில் யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தனம் அக்கா. யாருடைய காருக்கோ பின்னால் குந்தியிருந்தார், கையில் கரண்டியோடு.

“பேசாத. பாத்தார்னா திரும்பிடுவார்,” என்றார்.

நானும் பக்கத்தில் குந்தினேன். வேறு என்ன செய்வது? என் வயதில், சூப்பர்வைசர் சட்டை போட்டுக்கொண்டு, அடுத்தவர் காருக்குப் பின்னால். தாமான் முனையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஒரு லோரி போனது. ஒரு பஸ் போனது. அதற்கு இடது கையைத் தூக்கிக் காட்டினார், டிரைவரும் கையைத் தூக்கினார். இன்னும் இரண்டு கார்கள் போயின. அண்ணன் அசையவில்லை. ரோடு நன்றாகக் காலியானதும் ஒரே மூச்சாக உந்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், அங்கே ரோட்டோரம் இருந்த ஒட்டுக்கடையில் நின்றார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் காப்பிக் கிளாஸை அவர் இடது பக்கம் வைத்தார். அப்படியானால் இது முதல் நாள் இல்லை.

வாசல் திறந்த மறுநாளிலிருந்தே போகிறார், நானும் பின்னாலேயே ஒளிந்து வருகிறேன் என்றார் அக்கா. முன்பு ரோட்டுக்கு நடுவில் போய் நின்றவர் இப்போது எப்படி இவ்வளவு கவனமாக இருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். அன்றைக்குத் தப்பித்து ஓடிவந்தார், அவசரமாகப் போனார், இன்றைக்கு ஓட வேண்டியதில்லையே என்றார். சொல்லிவிட்டு, அப்படியெல்லாம் சொல்லிவிட முடியாது, நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்றும் அவரே சொன்னார். அப்புறம், மேல் தாழ்ப்பாளை மறந்துவிடாதே என்றார். நான் எதை எடுத்துக்கொள்வது? கால் மரத்துப்போய் எழுந்து, இரண்டு பேரும் அண்ணனுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி, ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துகொண்டோம்.

கதவு மாட்டும் நாள் வந்தது. நல்ல கனமான மரக்கதவு. ரஃபிக்கும் இன்னொருவரும் பிடிக்க, கீலில் உட்கார்ந்தது. சரிவுக்கு முன்னால் கதவு வீசித் திறப்பதற்கு இடம் வேண்டுமென்று சமமாக ஒரு மேடை போட்டிருந்தோம். கதவு எங்கும் இடிக்காமல் திறந்தது. எல்லாம் முடிந்தது, தாழ்ப்பாள் ஒன்றுதான் பாக்கி. நான் ஸ்டூல்மேல் ஏறினேன். கதவின் மேல்கோடியில் தாழ்ப்பாளை வைத்துப் பிடித்துக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.

சுப்பையா அண்ணன் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். தாழ்ப்பாள் எங்கே போகிறது என்று பார்த்தார். அன்றைக்கு மாதிரி அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. தலை குனிந்துகொண்டார். பென்சில் கதவில் படாமல் நின்றது. அக்கா, இங்கேயா என்று கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

தனம் அக்கா அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், சம்பந்தமே இல்லாமல், நேற்று அடுப்பில் குழம்பு இருந்தது, பின்னாலேயே போக முடியவில்லை என்றார். போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவையாம். குழம்பைக் கிண்டிக்கொண்டே கந்தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அண்ணன் திரும்பி வந்தார். மடியில் ஒரு கட்டுக் கங்கோங் கீரை. யாரும் கேட்கவில்லை, எப்படிச் சொல்லி வாங்கினார் என்றும் தெரியவில்லை.

“எனக்குக் கங்கோங் பிடிக்கவே பிடிக்காது,” என்றார். “கல்யாணம் ஆன நாள்லருந்து இவருக்குத் தெரியும்.”

அழுகிறாரா, சிரிக்கிறாரா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. ஸ்டூல் பக்கம் வந்து, என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். நாற்காலியைக் கதவுவரை தள்ளி வந்தார். அண்ணனுடைய இடது கையைத் தூக்கி, கதவின்மேல் விரித்து வைத்தார். அந்தக் கைக்கு அடியில் ஒரு கோடு போட்டார்.

“இங்க போடு, தங்கச்சி.”

நான் இறங்கி, டிரில்லை ரஃபிக்கிடம் கொடுக்காமல் நானே எடுத்தேன். கோடு நேராக இல்லை. நான் நேர் பார்க்கவில்லை, அவர் போட்ட இடத்திலேயே துளை போட்டேன்.